பணம் அரசுடையது, பள்ளி யாருடையது? ஜவ்வாது மலையை வைத்து ஒரு விவாதம்

2025 பிறந்த முதல் சில நாட்கள் தமிழ்நாட்டில் ஒரே ஒரு சொல்லை வைத்துச் சண்டை நடந்தது. தத்து. தனியார் பள்ளிகள் சங்கம் ஒன்று 500 அரசுப் பள்ளிகளுக்கு உதவப் போவதாகச் சொன்னது. செய்தியில் அது ‘தத்தெடுக்கிறார்கள்’ என்று வந்தது. கட்சிகள் கண்டித்தன. தத்து என்ற சொல்லையே யாரும் பயன்படுத்தவில்லை, இது சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வரும் உதவி மட்டுமே என்று அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி விளக்கம் கொடுத்தார். பிறகு அடங்கிவிட்டது.

ஒரு சொல்லுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்தச் சண்டை நியாயமானதுதான். ஒரு பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பதும் அந்தப் பிள்ளையைத் தத்து எடுப்பதும் ஒன்றில்லை. தத்துக் கொடுத்தபின் பெற்றவர்கள் கேள்வி கேட்க முடியாது. பள்ளிக்கூட விஷயத்திலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அந்த வாரத்தில் பலரும் சொன்ன ஒரு வாதத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சமவெளிப் பள்ளிகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம், சரி. ஆனா மலையில? அங்கே வாத்தியாரே போறதில்லை. அரசு ஏற்கெனவே செலவழிக்கிற பணத்தை ஒரு நல்ல அறக்கட்டளைகிட்ட கொடுத்து, மலையில் இருக்கிற பள்ளிகள் மொத்தத்தையும் ஒரே வலைப்பின்னலாக நடத்தச் சொன்னால் என்ன? கட்டணம் கிடையாது, லாபம் கிடையாது, சம்பளமும் சாப்பாடும் அரசுப் பணம். நிர்வாகம் மட்டும் அறக்கட்டளை. இதைச் சொல்கிறவர்கள் உதாரணத்துக்கு எடுப்பது பெரும்பாலும் ஜவ்வாது மலை, இல்லையென்றால் கல்வராயன் மலை.

இது முட்டாள்தனமான யோசனை இல்லை. சொல்கிறவர்களில் பலர் மலைக்குப் போய் வேலை செய்தவர்கள். அதனால்தான் இதை எதிர்த்து எழுதுவதென்றால் கொஞ்சம் பொறுமையாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் மலை. ஜவ்வாது மலை ஒரே மாவட்டத்தில் இல்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மூன்றுக்கும் பங்கு உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்துக்கு ஜமுனாமரத்தூர் தலைமையிடம். திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாடுகள். வேலூர்ப் பக்கம் அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு. ஆலங்காயம் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1980-களிலேயே வந்துவிட்டது. அல்லேரி மலைக் குழந்தையின் நிலை வேறு. 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்துபோன ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறியதை நாம் எல்லோரும் படித்தோம்.

மக்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசுகிறவர்கள். இதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது). சாமை, தேன், புளி, பலா. வருஷத்தில் சில மாதங்கள் நிலம் சோறு போடும், மிச்ச மாதங்களுக்குக் கீழே இறங்கணும். கர்நாடகம், கேரளம் என்று தோட்ட வேலைக்குக் குடும்பமாகப் போவார்கள். இன்னொரு வழியும் இருந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போன கூலிகள் என்று எழுதினோம். அவர்களில் எத்தனை பேர் எட்டாம் வகுப்பு தாண்டியவர்கள் என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஆக, இங்கே பள்ளிக்கூடம் என்பது பாடம் நடத்துகிற இடம் மட்டும் இல்லை. அப்பா அம்மா குடகுக்குப் போயிருக்கும்போது பிள்ளை எங்கே தூங்கும், என்ன சாப்பிடும் என்பதற்கான பதிலும் அதுதான். உண்டு உறைவிடப் பள்ளி என்ற பெயரில் ‘உண்டு’ம் ‘உறைவிட’மும் முன்னால் நிற்பது சும்மா இல்லை.

இப்போது இந்தப் பள்ளிகளை நடத்துவது யார் என்று பார்த்தால் தலை சுற்றும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையுடையவை. மாநிலம் முழுக்க இப்படி 300-க்கும் மேல். திருப்பத்தூர்ப் பக்கம் வனத்துறை நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. ஆமாம், காட்டிலாகா நடத்துகிற பள்ளிக்கூடம்தான். ஒரு காலத்தில் மலைக்குப் போன ஒரே அரசு ஊழியர் காட்டிலாகாக்காரர் என்பதன் மிச்சம் இது. இவை போக பள்ளிக்கல்வித் துறையின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். மத்திய பழங்குடியினர் அமைச்சகம் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து அதன் வழியாக நடத்தும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகள் தமிழ்நாட்டில் எட்டு. அப்புறம், பின்தங்கிய ஒன்றியங்களில் படிப்பை விட்ட பெண் பிள்ளைகளுக்காக 2004-இல் வந்த கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா.

கடைசியாகச் சொன்ன இந்தக் கஸ்தூரிபா பள்ளிகளை நாம் கவனிக்கணும். தமிழ்நாட்டில் இவற்றைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. பணம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வரும், ஆள் எடுப்பது, சமைப்பது, பார்த்துக்கொள்வது அறக்கட்டளை. அதாவது, ‘மலைப் பள்ளிகளை டிரஸ்ட்டிடம் கொடுத்துப் பார்க்கலாமே’ என்கிற சோதனை இருபது வருஷமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. புதுசாக ஒன்றும் இல்லை.

அதில் நல்லது இல்லையா? இருக்கிறது. பள்ளியிலேயே தங்கும் ஆசிரியைகள். இடைநின்ற பெண்ணை வீடு தேடிப் போய், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பேசிக் கூட்டிவரும் ஆட்கள். துறை ஆசிரியர் ஒருவர் திங்கள் மதியம் போளூர் பஸ்ஸில் வந்து வியாழன் மாலை இறங்கிவிடலாம். அறக்கட்டளையின் இளம் ஊழியர் அப்படிச் செய்தால் வேலை போய்விடும். ஆனால் அந்த ஒழுங்குக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அவருக்குப் பணிப் பாதுகாப்பு கிடையாது, சம்பளம் அரசு ஆசிரியர் வாங்குவதற்குப் பக்கத்தில்கூட வராது. தகுதியான ஒருவர் அரசுத் தேர்வில் தேறியதும் போய்விடுவார். போகத்தான் வேண்டும். மலைப் பிள்ளை மட்டும் வருஷா வருஷம் ஒரு புது அக்காவைப் பழகிக்கொள்ளும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துறை விடுதிகளில் பள்ளி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,000 ரூபாயாக இருந்து 2023-இல் 1,400 ஆனது. முப்பது நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 46 ரூபாய் சொச்சம். மூன்று வேளை. இந்தக் கணக்கை அரசு நடத்தினாலும் அறக்கட்டளை நடத்தினாலும் மாற்ற முடியாது. அறக்கட்டளை வெளியே நன்கொடை வாங்கி மேலே போட்டால்தான் வித்தியாசம் தெரியும். அப்படிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே நாம் புகழ வேண்டியது நிர்வாக முறையையா, கூடுதல் பணத்தையா? இந்த இரண்டையும் யாரும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அரசு விடுதிக்கும் அந்தக் கூடுதல் பணம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காமல், ‘பார்த்தீங்களா, டிரஸ்ட் நடத்தினா எப்படி இருக்கு’ என்று முடித்துவிடுகிறோம்.

கூடுதல் பணமும் உழைப்பும் தர நிர்வாகத்தைக் கையில் வாங்கித்தான் ஆகணுமா என்றால், இல்லை. இதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 1950-களின் கடைசியில், காமராஜர் ஆட்சியில், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர் மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், சீருடை, மதிய உணவுக்கான பாத்திரம் எல்லாம் கொடுத்தார்கள். கொடுத்த பெரிய மனுஷருக்கு மேடையில் மரியாதை செய்தார்கள். அதோடு சரி. யாரை ஆசிரியராகப் போடணும், எந்தப் பிள்ளையைச் சேர்க்கணும் என்பது அவர் கைக்குப் போகவில்லை. பெஞ்சு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் பள்ளியில் ஒரே உரிமை. 2025-இல் அமைச்சர் சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மானியப் பள்ளி முறை இதற்கு நேர் எதிர் பாதை, அதுவும் நமக்குப் பழசுதான். 1854 வுட் அறிக்கையில் தொடங்கி, மிஷன்களும் தர்ம ஸ்தாபனங்களும் பள்ளி நடத்த அரசு ஆசிரியர் சம்பளம் தருவது. அந்த முறையில்தான் தமிழ்நாட்டின் பாதிப் பேர் எழுத்துப் படித்தார்கள் என்றால் மிகையில்லை. பல ஊர்களில் ஒடுக்கப்பட்டவர்கள் வகுப்புக்குள் முதலில் நுழைந்ததே மிஷன் பள்ளியில்தான். அதை மறந்துவிட்டுத் ‘தனியார்’ என்று ஒரே சொல்லில் திட்டுவது எனக்கு ஏற்பில்லை. அதே சமயம், மானியம் தலைக்கணக்கில் வருகிறது என்பதால் தலைக்கணக்கே தொழிலாகிப்போன இடங்களும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்து இறந்தது ஒரு உதவிபெறும் தொடக்கப்பள்ளி இயங்கிய கட்டடத்தில். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். அதிகாரி பார்வையிட வருகிறார், மாணவர் எண்ணிக்கை காட்டினால்தான் ஆசிரியர் பணியிடம் நிற்கும் என்று கூடுதல் பிள்ளைகளை மாடியில் அடைத்து உட்கார வைத்தது பற்றி அப்போதே நிறையப் பேசினோம். கீற்றுக் கூரையைத் தடை செய்தோம். எண்ணிக்கைக்குப் பணம் என்ற ஏற்பாட்டைத் தொடவில்லை.

இதை மலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வருஷத்தில் பாதி மாதம் குடும்பங்கள் ஊரில் இல்லாத இடம். எண்ணிக்கைக்குப் பணம் என்றால் நடத்துகிறவருக்கு இரண்டே வழி. உண்மையைச் சொல்லி மானியம் இழக்கலாம். இல்லாவிட்டால் பதிவேட்டில் பிள்ளைகளை வரவைக்கலாம். (வருகையைக் கைப்பேசிச் செயலியில் போடு என்கிறார்கள், சிக்னல் கிடைக்க ஆசிரியர் பாறைமேல் ஏற வேண்டிய ஊர்களிலும். அது தனிக் கதை.)

சரி, அறக்கட்டளை வலைப்பின்னல் யோசனையை ஒரு நாட்டளவில் முழுசாகவே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து. 2000-இல் பிளேர் அரசு அறிவித்தது, 2002-இல் முதல் ‘அகாடமி’ பள்ளிகள் திறந்தன. தேறாத நகரப் பள்ளிகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, 2010 சட்டத்துக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளுக்கும் கதவு திறந்தது. இன்றைக்கு அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அகாடமிகள். அறக்கட்டளைக்குப் பணம் நேராக மத்தியக் கல்வித் துறையிலிருந்து போகும், உள்ளூர் நகராட்சிக்கு வேலை இல்லை. கட்டணம் கிடையாது, லாபம் எடுக்க முடியாது. நம்மவர்கள் ஜவ்வாது மலைக்குச் சொல்கிற அதே ஏற்பாடு, அச்சு அசல்.

லண்டன் போன்ற இடங்களில் ஏழைப் பிள்ளைகளை நன்றாகத் தேற வைத்த அறக்கட்டளைகள் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் அந்த முறையின் உள் அமைப்பில் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. பல பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளைக்குள் போனபின் தனித்தனிப் பள்ளிக்குச் சட்டப்படி இருப்பே கிடையாது. அறக்கட்டளை மட்டும்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் உட்காரும் உள்ளூர்க் குழுவுக்கு அறக்கட்டளை மனசு வைத்துக் கொடுக்கும் அதிகாரம் எவ்வளவோ அவ்வளவுதான். 2017 செப்டம்பரில், பள்ளி ஆண்டு தொடங்கிய சில நாட்களிலேயே, வேக்ஃபீல்ட் சிட்டி அகாடமீஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை தன்னால் முடியாது என்று கைவிரித்தது. மொத்தம் 21 பள்ளிகள். அதில் சில பள்ளிகள் விழா நடத்தியும் ஊரில் வசூலித்தும் சேர்த்து வைத்த பணம் அறக்கட்டளையின் மையக் கணக்குக்குப் போயிருந்தது தெரிந்து பெற்றோர்கள் கொதித்தார்கள். பள்ளிகளை வேறு அறக்கட்டளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்தது அரசுத் துறை. ஊர் இல்லை.

இது நடந்தது வருமானமும் படிப்பும் பத்திரிகையும் உள்ள யார்க்‌ஷயரில். அங்கே பெற்றோர் சத்தம் போட முடிந்தது, நாடாளுமன்ற உறுப்பினர் பேசினார், வேறு பள்ளிக்குப் பிள்ளையை மாற்றவும் ஓரளவு வழி இருந்தது. ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு குக்கிராமத்தில் அறக்கட்டளை செப்டம்பரில் கைவிரித்தால் என்ன நடக்கும்? அடுத்த பள்ளி இரண்டு மலை தள்ளி. கேள்வி கேட்க வேண்டிய அப்பா அந்த நேரம் குடகில் மிளகுக் கொடியில்.

அறக்கட்டளை நல்லதா கெட்டதா என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. தவறு நடந்தால் மலைக்காரர் எந்த வாசலில் போய் நிற்பார் என்பதுதான் என் கேள்வி. அரசுப் பள்ளியில் அந்த வாசல் மோசமாகவாவது இருக்கிறது. தலைமையாசிரியர், திட்ட அலுவலர், கலெக்டர், எம்.எல்.ஏ. மனு நாளில் வரிசையில் நிற்கலாம். சாலை மறியல் செய்யலாம். அறக்கட்டளையின் வாசல் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். அறக்கட்டளை பதில் சொல்வது இரண்டு பேருக்கு: பணம் தரும் துறைக்கும், நன்கொடை தரும் நிறுவனத்துக்கும். அறிக்கை அவர்களுக்குப் போகும், ஆங்கிலத்தில், பிள்ளைகள் சிரிக்கும் படங்களோடு. பெற்றோருக்கு அறிக்கை எழுதிய அறக்கட்டளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சட்டமும் இந்தப் பள்ளத்தை ஆழமாக்கித்தான் வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும், பாதிப் பேர் பெண்களாக இருக்கணும். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. இது அரசுப் பள்ளிக்கு. 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. சிறுபான்மையினர் பள்ளிகளிலும், அரசு உதவிபெறும் மற்ற பள்ளிகளிலும் அந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். அதாவது, பணம் அதே அரசுப் பணம், பிள்ளை அதே பிள்ளை, ஆனால் நிர்வாகம் கை மாறியதும் அம்மாவின் கையெழுத்துக்கு மதிப்புக் குறைந்துவிடும். மலைப் பள்ளிகளை உதவிபெறும் பள்ளியாக மாற்றி அறக்கட்டளைக்குக் கொடுப்பது என்றால் நடைமுறையில் முதலில் நடப்பது இதுதான். இந்தத் திருத்தத்தைப் பற்றி அறக்கட்டளை ஆதரவாளர்கள் யாரும் பேசிக் கேட்டதில்லை. தெரியாமலா, தெரிந்தேவா என்று எனக்குப் புரியவில்லை.

மலையில் மேலாண்மைக் குழு ஒழுங்காக நடக்கிறதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பல இடங்களில் இல்லை. உறைவிடப் பள்ளியில் பெற்றோர் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பார்கள், கூட்டம் போடும் நாளில் கூலி போகும். ஆனால் நடக்காத உரிமையும் இல்லாத உரிமையும் வேறு வேறு. நடக்காததை ஒரு நாள் நடத்தலாம். 2022-இல் தமிழ்நாடு முழுக்க இந்தக் குழுக்களைப் புதுப்பித்தபோது, ஒரு பெற்றோரே தலைவர் என்பதால் பல ஊர்களில் முதல் முறையாகக் கூலி வேலை செய்யும் பெண்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

தகவல் உரிமை என்று ஒரு கதவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் நெல்லிவாசலில் இருந்து யார் பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனு எழுதப்போகிறார்கள்? எழுதினால் நானோ நீங்களோதான் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு ஆபத்து, பணம் நடுவில் நின்றுபோவது. 2024-25-இல் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது ஞாபகம் இருக்கும். அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணம். கஸ்தூரிபா பள்ளிகள் நிற்பது அதே திட்டத்தின்மேல்தான். மாநில அரசு ஒரு பெரிய உடம்பு, வேறு தலைப்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும், கட்டியது. துறை விடுதியில் அரிசி அரசுக் கிடங்கிலிருந்து வரும். சின்ன அறக்கட்டளைக்கு அந்த உடம்பு இல்லை. தவணை மூன்று மாதம் தள்ளிப்போனால் மளிகைக் கடைக்காரர் எத்தனை நாள் கடன் தருவார் என்பதில்தான் ஐம்பது, நூறு பெண் பிள்ளைகளின் சாப்பாடு நிற்கும். தில்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் மொழிச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பது இந்தத் தளத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சண்டையின் செலவை எந்தச் சமையலறை தாங்குகிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

ஏகலைவா பள்ளிகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், பெரிய அளவில். நடத்துவது பதிவு செய்த சங்கம், பணம் ஒன்றிய அரசுடையது. 2023-இல் நாடு முழுக்க ஒரே தேர்வு வைத்து ஆசிரியர்களை எடுத்தார்கள். விளைவாக, இந்தி மட்டுமே தெரிந்தவர்கள் தென் மாநிலப் பழங்குடிப் பிள்ளைகள் முன்னால் போய் நின்றார்கள். ஆசிரியர்கள்மேல் குற்றம் இல்லை, அவர்களும் வீட்டை விட்டு ஆயிரம் மைல் வந்தவர்கள். வலைப்பின்னல் பெரிசாகப் பெரிசாக, நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு எண்ணாகிவிடுகிறது.

குக்கூ காட்டுப்பள்ளியை வைத்து யாராவது என்னை மடக்கலாம். சிங்காரப்பேட்டை அருகே புளியானூரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில்தான் அது இருக்கிறது. மரியாதைக்குரிய முயற்சி, நான் விரும்பிப் பார்க்கும் ஒன்று. ஆனால் அது அரசின் ஒப்பந்தம் வாங்கி இருபது பள்ளி நடத்தும் அமைப்பு இல்லை. நண்பர்களின் கையை நம்பி, தன் அளவு தெரிந்து நிற்கும் இடம். அதன் அழகு அந்தச் சிறுமையில் இருக்கிறது. அதைக் காட்டி ‘பாருங்க, தொண்டு நிறுவனங்களால முடியும்’ என்று மலை முழுவதையும் எழுதிக் கொடுக்கச் சொல்வது, வீட்டுத் தோட்டத்தைக் காட்டி ரேஷன் கடையை மூடச் சொல்வது மாதிரி.

எல்லாவற்றையும் அரசின் ஒரே துறைக்குக் கீழே கொண்டுவந்தால் தீர்ந்துவிடுமா? 2023 மார்ச் பட்ஜெட்டில் அதைத்தான் அறிவித்தார்கள். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், அறநிலையத் துறை, வனத்துறை என்று சிதறிக் கிடக்கும் பள்ளிகள் எல்லாம் பள்ளிக்கல்வித் துறைக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் விஷயத்தில் எதிர்ப்பு வந்தது, அதிலும் நியாயம் இருந்தது. தனித் துறை, தனி நிதி, தனி நிலம் என்று போராடி வாங்கியதைப் பெரிய துறையின் வயிற்றுக்குள் போட்டால் செரித்துவிடும் என்ற பயம். பழங்குடிப் பள்ளிகளுக்கும் அதே பயம் பொருந்தும். காட்டிலாகாவின் பள்ளியைக் கல்வித் துறைக்கு மாற்றுவதை மட்டும் ஏன் இன்னும் யோசிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. காட்டுரிமை கேட்டு மனுப் போட்ட அப்பாவும், அந்த மனுவை மறுக்கும் துறையின் பள்ளியில் படிக்கும் மகனும் ஒரே வீட்டில் இருப்பது நல்லதில்லை.

2024 பிப்ரவரியில் ஸ்ரீபதி நீதிபதித் தேர்வில் தேறியபோது எல்லோரும் கொண்டாடினோம். ஜவ்வாது மலைப் புலியூர்க்காரர், மலையாளிப் பழங்குடியிலிருந்து வந்த இளம் பெண், குழந்தை பிறந்த கையோடு சென்னைக்கு வந்து பரீட்சை எழுதியவர். அவர் பள்ளிப் படிப்பு ஏலகிரியில். ஏலகிரியில் சாலை இருக்கிறது, சுற்றுலா இருக்கிறது, வெளியிலிருந்து வந்து தங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் செய்தது நிர்வாக முறை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தார்ச்சாலையும் ஆசிரியர் குடியிருப்பும் செய்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஜவ்வாது மலையில் ஆசிரியர் தங்க ஒழுங்கான வீடு கட்டிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் அவர் வியாழக்கிழமை பஸ் ஏறினால், அறக்கட்டளையைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை, ஏற்கெனவே அறக்கட்டளைகள் நடத்தும் உறைவிடப் பள்ளிகள் இருக்கத்தான் போகின்றன. மூடச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் சில வரிகள் மாறணும். மேலாண்மைக் குழுவுக்கு அரசுப் பள்ளியில் உள்ள அதே அதிகாரம் இங்கேயும் வேண்டும், ஆலோசனை மட்டும் போதாது. அறக்கட்டளை கைவிட நினைத்தால் கல்வியாண்டு முடியாமல் கைவிடக் கூடாது, கைவிட்டால் துறை அன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊழியர் சம்பளம் துறைக் கணக்கிலிருந்து நேராக ஊழியர் கணக்குக்குப் போகட்டும். குழுக் கூட்டம் தோட்ட வேலைக்குக் கிளம்புமுன் ஒன்று, பொங்கலுக்கு ஊர் திரும்பியபின் ஒன்று என்று மலையின் காலண்டரைப் பார்த்து வைக்கட்டும். வருகிற பெற்றோருக்கு அன்றைய கூலியைக் கொடுக்கட்டும். மாசம் எவ்வளவு வந்தது, அரிசிக்கு எவ்வளவு, காய்க்கு எவ்வளவு என்று சமையலறைச் சுவரில் தமிழில் எழுதி வைக்கட்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைப் படித்து அம்மாவுக்குச் சொல்லிவிடும்.